41 வயதில் தாதியாகப் படிக்கப் போகிறேன்

வருகின்ற தை மாதம், கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றோடு இணைந்த தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று ஆண்டுக் கற்கைநெறி ஒன்றில் சேரவிருக்கிறேன். எனக்கு வயது 41. திருகோணமலையில், எங்கள் வீட்டின் முன்னறையில் பத்தொன்பது வருடங்களாகத் தையல் வேலை செய்து வருகிறேன். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறாள். மகன் ஒன்பதாம் ஆண்டில் இருக்கிறான். கணவருக்குத் துறைமுகப் பக்கத்தில் முறை வேலை. நான் படிக்கப் போகிறேன் என்று கேள்விப்பட்ட உறவினர்களிற் பெரும்பாலானோர் "ஏன்?" என்றுதான் கேட்டார்கள். ஆனால் என்னைப் போலவே படிப்பை இடையில் விட்ட இரண்டு மூன்று பெண்கள் தனியாக வந்து, "எப்படி ஆயத்தப்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆயினும் ஏன் என்பதைச் சொல்லாமல் எப்படி என்பதற்குப் போக எனக்கு முடியவில்லை.

2003இல் உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதி மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தேன். பல்கலைக்கழகத்துக்கு அது போதவில்லை. அரச தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்று வர்த்தமானி அறிவித்தலுக்குக் காத்திருந்தேன். 2004 மார்கழி 26இல் கடல் வந்தது. நிலாவெளியிலிருந்த எங்கள் வீட்டில் அத்திவாரமும் கிணறும் மட்டும் மிஞ்சின. அப்பாவின் படகும் வலையும் போயின. எல்லோரும் உயிர் தப்பியதே பெரிய காரியம் என்று நினைத்த காலம் அது. நிவாரணமாகக் கிடைத்த தையல் இயந்திரத்தில் வேலை தொடங்கினேன். அதன் பிறகு திருமணம், பிள்ளைகள், தை மாதம் தோறும் பாடசாலைச் சீருடைகள். தாதியாவது என்பது நான் யாரிடமும் சொல்லாத, நானே மறந்துவிட்டதாக நம்பிய விடயமாகிவிட்டது.

2019 ஆவணியில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் நின்றுவிட்டது. மூன்று வாரம் வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பின் அம்மாவை நான்தான் பார்த்தேன். காலையில் உடம்பு துடைத்து, சோற்றைக் குழைய வடித்து மசித்து, தலையணை வைத்து உயர்த்தி ஊட்டி, துணி மாற்றி, பின்னேரத்தில் சாளரத்தைத் திறந்து வீதியைப் பார்க்கத் திருப்பி வைப்பேன். வருகிறவர்கள் எல்லோரும் "பெத்த தாயை இப்பிடிப் பார்க்க யாருக்குக் குடுத்து வைக்கும்" என்றார்கள். அந்தச் சொல்லில் எனக்கு ஓர் அமைதி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்து கிளினிக் பயணங்கள் தடைப்பட்டிருந்த நாட்களில், அம்மாவின் இடுப்புக்குக் கீழே, வால் எலும்புக்கு மேலே, ஓர் உள்ளங்கை அளவு இடம் சற்றுக் கறுத்திருந்ததைக் கண்டேன். தொட்டால் சூடாகவும் கொஞ்சம் தடிப்பாகவும் இருந்தது. படுத்தே கிடப்பதால் இரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று நானாக எண்ணிக்கொண்டு, தேங்காயெண்ணெயைச் சூடாக்கிக் காலையும் மாலையும் அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தேன். பத்து நாளில் தோல் உரிந்தது. அதற்கு அடுத்த வாரம் அது புண்ணாகிவிட்டது.

இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த தாதி ஒருவர், கடமை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வந்து பார்த்தார். என்னைவிட இளையவர், ஊரார் எல்லோரையும் போல நானும் அவரை மிஸ்ஸி என்றே கூப்பிடுவேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அம்மாவை இடப்பக்கம் திருப்பி, மற்ற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, குதிக்காலில் ஓரிடத்தை விரலால் அழுத்தி எடுத்தார். "அக்கா, இஞ்ச பாருங்கோ. நல்ல தோல் எண்டால் அமத்தி எடுக்க வெளுத்துப் பிறகு பழைய நிறத்துக்கு வரும். இது வெளுக்கேல்ல. இதுவும் தொடங்கீட்டுது" என்றார். பிறகு எண்ணெய்ப் போத்தலைப் பார்த்துவிட்டு, "இந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது அக்கா" என்று மிக மெதுவாகச் சொன்னார்.

அவர் சொன்னதை இப்போது பாடமாகவும் படித்துவிட்டேன். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் அகப்பட்ட தசையில் மயிர்த்துளைக்குழாய்கள் நசுங்கிவிடுகின்றன. குருதி வராதபோது ஒட்சிசன் இல்லாமல் கலங்கள் இறக்கின்றன. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட அந்த நுண்ணிய குழாய்களைத் தேய்ப்பு மேலும் சிதைத்துவிடுகிறது. அம்மா கட்டிலில் சறுக்கி இறங்கும் போதெல்லாம் அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்தேனே, அப்போது தோல் விரிப்போடு ஒட்டி நிற்க உள்ளிருக்கும் எலும்பு மட்டும் நகர்ந்து, இடையிலுள்ள தசை இழுபட்டுக் கிழிந்திருக்கிறது. புத்தகங்களிற் பெரும்பாலும் "சிவந்த தோல்" என்றே எழுதியிருக்கிறார்கள். எங்கள் நிறத்துத் தோலில் அந்தச் சிவப்பு இலகுவில் தெரியாது. சூட்டையும் தடிப்பையும் கையால் மெல்லத் தொட்டுத்தான் அறிய வேண்டும். இதைப் புத்தகத்தின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று அவர் இரண்டு காரியங்கள் செய்துவிட்டுப் போனார். ஒரு விரிப்பை நாலாக மடித்து அம்மாவின் தோளிலிருந்து தொடை வரை விரித்து, இரண்டு பேராக அதைப் பிடித்துத் தூக்கி நகர்த்தக் கற்றுத் தந்தார். கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்து, குதிக்கால் எதிலும் படாமல் நிற்கும்படி செய்தார். மற்றது, மகனின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக் கோடு போட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை அம்மாவை எந்தப் பக்கம் திருப்பினோம் என்று எழுதச் சொன்னார். ஆறு மணி இடம், எட்டு மணி நிமிர்ந்து, பத்து மணி வலம், அதுவும் விழுந்த பக்கம் என்பதால் நேரம் குறைத்து. நான்கு நாள் எழுதிய பிறகு அந்தத் தாளைப் பார்த்தேன். பகல் முழுவதும் கட்டங்கள் நிரம்பியிருந்தன. இரவு பதினொரு மணியிலிருந்து விடிய ஐந்து மணி வரை ஒவ்வொரு நாளும் வெறுமையாக இருந்தது. எல்லோரும் களைத்துத் தூங்கிய அந்த ஆறு மணித்தியாலத்தில்தான் அம்மாவின் புண் வளர்ந்திருக்கிறது. பகலில் எவ்வளவோ பார்த்துப் பார்த்துச் செய்த எனக்கு, கோடு போட்ட ஒரு தாள் சொல்லும் வரை அது தெரியவில்லை.

புண் ஆற நான்கு மாதம் சென்றது. 2021இல் நெஞ்சில் சளி கட்டி நியூமோனியாவாகி அம்மா போய்விட்டா. அந்தியேட்டி முடிந்த மறுநாள், அலுமாரியில் இருந்த அந்தத் தாள்களை அடுக்கினேன். நூற்றுக்கு மேல் இருந்தன. நான் தாதியாக வேண்டும் என்று மறுபடி நினைத்தது அப்போதுதான். அன்பு எனக்கு வேண்டிய அளவு இருந்தது. எதைப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும், பார்த்ததை எப்படி எழுதி வைக்க வேண்டும் என்பது தெரியாமல்தான் அம்மாவுக்கு அந்த நோவைக் கொடுத்தேன். நோயாளியைப் பார்த்துக்கொண்ட அனுபவம் இருக்கிறதே, படிப்பு உங்களுக்கு இலகு என்று சொல்கிறவர்களுக்கு நான் கொடுக்கும் பதிலும் இதுவே. வீட்டில் பழகிய கையைத்தான் நான் முதலில் சந்தேகிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இனி எப்படி என்பதற்கு வருகிறேன். அரச தாதியர் பயிற்சிக்கு வயதெல்லை உண்டு, நான் அதைக் கடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆகவே தனியார் கல்லூரிகளையே தேட வேண்டியிருந்தது. இங்கே மிகவும் அவதானமாக இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் ஆறு மாதச் சான்றிதழ் ஒன்றைக் காட்டி, இதை முடித்தால் வெளிநாட்டில் தாதியாகவே வேலை செய்யலாம் என்று சொல்லி, அன்றே முற்பணம் கட்டச் சொன்னார்கள். காப்பை அடகு வைத்த பணம் கைப்பையில் இருந்தது. பற்றுச்சீட்டு எழுதத் தொடங்கிய நேரத்தில், "இதை முடித்தால் என்னைத் தாதியாகப் பதிவு செய்வார்களா?" என்று கேட்டேன். நேரான பதில் வரவில்லை, எழுந்து வந்துவிட்டேன். எங்கள் நாட்டில் தாதியரைப் பதிவு செய்வதற்கென்று 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தாதியர் பேரவை இருக்கிறது. பராமரிப்பாளர் பயிற்சி நல்ல பயிற்சிதான், அதை முடித்து முதியோரை அருமையாகப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பராமரிப்பாளர் வேறு, பதிவுபெற்ற தாதி வேறு. பணம் கட்டுவதற்கு முன் பேரவையிடமே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கல்லூரியின் விளம்பரத் தாளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் மச்சாள் 44 வயதில் அங்கே தாதியப் படிப்பைத் தொடங்கினா. அங்கே இரண்டு நிலைகள் இருக்கின்றன. டிப்ளோமா முடித்தவர் ஒரு நிலை, மூன்று ஆண்டுப் பட்டம் முடித்தவர் அதற்கு மேற்பட்ட நிலை. டிப்ளோமாவுக்குக் குறைந்தது 400 மணித்தியாலமும் பட்டத்துக்குக் குறைந்தது 800 மணித்தியாலமும் வைத்தியசாலை போன்ற இடங்களில் நேரடிப் பயிற்சி பெற வேண்டும். அவவின் வகுப்பில் ஐம்பதைத் தொட்டவர்களும் இருந்தார்களாம், அதை யாரும் ஒரு விடயமாகவே எடுக்கவில்லையாம். இதைச் சொல்லி என்னைத் தூக்கி நிறுத்தியவ அவதான். புளோரன்ஸ் நைட்டிங்கேலும் முறையான பயிற்சிக்காக ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த்துக்குப் போனது 1851இல், 31 வயதில். அந்தக் காலத்துக்கு அது இளவயதன்று. கையில் விளக்கோடு நிற்கும் அவருடைய படத்தைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் கிரிமியப் போரில் படையினர் எந்த மாதத்தில் எதனால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கெடுத்து, காயத்தைவிட நோயினால் இறந்தவர்களே அதிகம் என்பதை 1858இல் நிறம் தீட்டிய வட்ட வரைபடமாக வரைந்து காட்டியவரும் அவர்தான் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். அம்மாவின் தாள்களை அடுக்கிய எனக்கு, விளக்கோடு நிற்கும் படத்தைவிட அந்த வட்டப் படம் மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது.

படிப்பைப் பொறுத்தவரை, மகளின் மேசையிலேயே எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. விடிய நான்கு மணிக்கு எழுந்து ஆறு மணி வரை படிப்போம். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது பகலில் இந்த ஊரில் எதுவும் தலையில் ஏறாது. விடியற்காலை ஒன்றுதான் வழி. சில நாட்களில் கோட்டைப் பக்கத்து மான்கள் ஒழுங்கை வரை வந்து வேலியோரப் பூவரசங் குழையைக் கடிக்கும் சத்தம் கேட்கும். மகள் எனக்கு ஆசிரியராக இருக்கும்போது மிகவும் கண்டிப்பானவள். இதயத்தின் படத்தை வரைந்து, உடம்பிலிருந்து வரும் ஒரு துளி குருதி எந்த வழியாகப் போய்த் திரும்பும் என்று பார்க்காமல் சொல்லச் சொன்னாள். பெருநாளம், வலது சோணையறை, வலது இதயவறை, நுரையீரல், இடது சோணையறை, இடது இதயவறை, தொகுதிப் பெருநாடி. இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு அது சரியாக வாயில் வந்தபோது என் கண் கலங்கிவிட்டது.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் தமிழில் மருத்துவ விளக்கங்கள் தேடினால் தமிழ்நாட்டிலிருந்து வருபவையே அதிகம். அங்கே தமனி, சிரை என்பதை நாங்கள் நாடி, நாளம் என்று படித்தோம். அங்கே செல், இங்கே கலம். முதல் மாதம் இரண்டும் கலந்து குழம்பிவிட்டேன். பிறகு கொப்பியில் மூன்று நிரல் போட்டு, எங்கள் சொல், அவர்கள் சொல், ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் என்று எழுதத் தொடங்கினேன். கல்லூரியில் ஆங்கிலத்தில்தான் கற்பிப்பார்கள். ஆனாலும் ஒன்றைத் தமிழில் விளங்கிக்கொண்ட பிறகு ஆங்கிலச் சொல்லை மனனம் செய்தால் அது நிற்கிறது, விளங்காமல் மனனம் செய்தது இரண்டாம் நாள் போய்விடுகிறது. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். அந்த வழி தொடர்ந்திருந்தால் இன்று என் கொப்பியில் மூன்றாம் நிரல் தேவைப்பட்டிருக்குமோ என்று சில வேளை நினைப்பதுண்டு. ஆங்கிலச் சொற்களில் மிகவும் பயத்தோடு படிப்பது ஹைப்பர், ஹைப்போ என்ற இரண்டையும். ஒன்று கூடுதல், மற்றது குறைவு. ஹைப்பர்கிளைசீமியா என்றால் குருதியில் சீனி கூடியது, ஹைப்போகிளைசீமியா என்றால் சீனி குறைந்தது. சீனி குறைந்து வியர்த்து நடுங்குகிறவருக்கு உடனே இனிப்புக் கொடுக்க வேண்டிய இடத்தில் இந்தச் சொல் மாறிக் கேட்டால் என்ன ஆகும்? இந்த இரண்டையும் சிவப்புப் பேனையாலும் நீலப் பேனையாலும் வேறு வேறு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

கணக்குக்கு மட்டும் நான் பயப்படவில்லை, தையல் வேலையில் நாள் முழுவதும் கணக்குத்தானே. துணியில் தப்பாக வெட்டினால் திருப்பி ஒட்ட முடியாது என்பதால் கத்தரி வைப்பதற்கு முன் இரண்டு முறை அளப்பது கையோடு வந்த பழக்கம். மருந்துக் கணக்கிலும் அதுவே வேண்டியிருக்கிறது. தேவையான அளவை, கையிலிருக்கும் மருந்தின் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் கனவளவால் பெருக்க வேண்டும். ஐந்து மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பரசிற்றமோல் பாணியில் ஒரு பிள்ளைக்கு 180 மில்லிகிராம் கொடுக்க வேண்டுமென்றால் ஏழரை மில்லிலீற்றர். விடை வந்தவுடன் நான் என்னையே ஒரு கேள்வி கேட்கிறேன்: இது நியாயமான அளவுதானா? 75 என்று வந்திருந்தால், ஒரு பிள்ளைக்கு முக்கால் போத்தல் பாணி கொடுப்பார்களா? தசமப் புள்ளியின் பிழை பத்து மடங்குப் பிழை. அதனால்தான் அரை மில்லிகிராமை எழுதும்போது புள்ளிக்கு முன்னால் பூச்சியம் போட்டு 0.5 என்று எழுத வேண்டும் என்றும், ஐந்தை எழுதும்போது பின்னால் புள்ளியும் பூச்சியமும் போடக்கூடாது என்றும் கற்பிக்கிறார்கள். புள்ளி மங்கலாக விழுந்தால் 5.0 ஐம்பதாகிவிடும்.

சேலைன் துளிக் கணக்கைப் படித்தபோது எனக்குத் தாளில் மட்டும் போட்டுப் பார்க்கத் திருப்தி வரவில்லை. ஆயிரம் மில்லிலீற்றர் சேலைன், எட்டு மணித்தியாலத்தில் ஏற வேண்டும், குழாய்த் தொகுதி ஒரு மில்லிலீற்றருக்கு இருபது துளி. இருபதாயிரம் துளியை 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. அந்த 42 எவ்வளவு வேகம் என்று கண்ணால் அறிய விரும்பி, ஒரு நாள் இரவு குசினிக் குழாயை மெல்லத் திறந்து, கீழே எவர்சில்வர் கோப்பையை வைத்து, கணவரின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். பதினைந்து விநாடிக்குப் பத்து அல்லது பதினொரு துளி விழ வேண்டும். முதலில் பதினேழு விழுந்தது, திருகினேன், ஆறாகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பத்துக்குக் கொண்டுவந்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ண 43 வந்தது. குழாயை அப்படியே விட்டுவிட்டு அரைமணி நேரம் கழித்து வந்து எண்ணியபோது 35 ஆகக் குறைந்திருந்தது, நான் அதைத் தொடவேயில்லை. வைத்தியசாலையில் தாதிகள் ஏன் திரும்பத் திரும்ப வந்து சேலைனை நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்பதை அந்த இரவு விளங்கிக்கொண்டேன்.

பிரஷர் பார்க்கும் கருவியும் ஸ்டெதஸ்கோப்பும் வாங்கியது எனக்குப் பெரிய செலவு, ஆனால் பயனுள்ள செலவு. தானாகக் காட்டும் மின்கருவியைத் தவிர்த்து, கையால் காற்றடிக்கும் கருவியையே வேண்டுமென்று எடுத்தேன். 1905இல் ரஷ்ய வைத்தியர் நிக்கொலாய் கொரொட்கொவ் கண்டு சொன்ன சத்தங்களைக் காதால் கேட்டுத்தான் அதில் அளவு எடுக்க வேண்டும். காற்றை மெல்ல இறக்கும்போது முதலாவது தட்டல் கேட்கும் இடம் மேல் அளவு, சத்தம் முற்றாக மறையும் இடம் கீழ் அளவு. முதல் வாரம் எனக்கு என் சட்டை உரசும் சத்தமும் வெளியே ஓட்டோ போகும் சத்தமும்தான் கேட்டன. எட்டாம் நாள், கணவர் ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்திருந்து, கையை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வைத்திருந்தபோது, 128இல் கதவை விரல் நுனியால் தட்டியது போல ஒரு சத்தம் கேட்டது. 82இல் அது இல்லாமற் போனது. மூன்று முறை பார்த்தேன், மூன்று அளவுகளையும் நேரத்தோடு எழுதினேன்.

அதன் பிறகு அயலவர்கள் வரத் தொடங்கினார்கள். கிண்ணியாவிலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் நானா ஒரு நாள் தலையைச் சுற்றுகிறது என்று படியில் இருந்தார். அவருக்கு 176க்கு 104. மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டேன், முடிந்து இரண்டு கிழமை என்றார். என் வாயில் பல ஆலோசனைகள் வந்தன. எதையும் சொல்லாமல், அளவையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மீன் பெட்டியை எங்கள் வீட்டில் ஐஸ் போட்டு வைத்துவிட்டு, இதைக் காட்டி இப்போதே வைத்தியசாலைக்குப் போங்கள் என்று ஓட்டோவில் ஏற்றிவிட்டேன். தெரியாததைச் சொல்லாமலிருப்பது எனக்குக் கடினமான பயிற்சி. எங்கள் வயதில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வைத்தியம் தெரியும், சொல்லாமலிருக்க முடியாது. அடுத்த வாரம் நானா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடியே வந்தார், அதிலே அங்கே பார்த்த அளவையும் எழுதி வாங்கியிருந்தார்.

மொழியும் என் ஆயத்தத்தில் ஒரு பகுதி. மூன்று இனத்தவரும் வாழும் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தும் என் சிங்களம் சந்தையில் விலை கேட்கும் அளவோடு நின்றிருந்தது. கொழும்பு வார்டில் அது போதாது. கந்தளாயிலிருந்து துணி தைக்க வரும் அக்கா ஒருவரிடம் சனிக்கிழமைகளில் கற்கிறேன். "எங்க நோகுது?" என்பதற்கு "கொஹெத ரிதென்னே?" என்று சொல்லித் தந்தவர், அதைக் கேட்கும்போது முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், கொப்பியைப் பார்த்துக் கேட்கக்கூடாது என்றும் சொன்னார். அவருடைய தாயாரும் நீண்ட நாள் படுக்கையில் இருந்தவராம். குத்து வலி, எரிவு, இழுவை, விறைப்பு, கடுப்பு என்று தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றனவோ அத்தனைக்கும் சிங்களம் கேட்டு எழுதுகிறேன், ஏனெனில் நோயாளி சொல்லும் சொல்லில்தான் வைத்தியருக்கு வேண்டிய குறிப்பு இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. ஈரல் அழற்சி பி (ஹெப்பரைற்றிஸ் பி) தடுப்பூசி மூன்று தடவை போட வேண்டும். முதலாவதற்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறு மாதம் கழித்து மூன்றாவது. ஆகவே கல்லூரி கேட்கும் வரை காத்திராமல் முன்கூட்டியே தொடங்குங்கள். நான் ஆடியில் தொடங்கினேன். பத்தொன்பது வருடம் குனிந்திருந்த முதுகுக்கு நிற்கும் வேலை பழக வேண்டும் என்பதால் மாலையில் கடற்கரையோரமாக ஒரு மணி நேரம் நடக்கிறேன், துணி வெட்டுவதையும் நின்றுகொண்டே செய்கிறேன். பணத்துக்குச் சீட்டு ஒன்று எடுத்தேன், காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது. மாமி எங்களோடு வந்து இருக்கச் சம்மதித்தா. "நீ படிச்சு வா பிள்ளை, பெடியனை நான் பார்க்கிறன்" என்று அவ சொன்ன நாளில்தான் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டேன். மகனுக்கு இன்னும் மனம் முழுவதும் சம்மதமில்லை. விடுமுறை நாட்களில் இரவு ரயிலில் வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அவன் எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்டான், அதற்குச் சரியான பதில் என்னிடம் இன்னும் இல்லை.

ஞாபகம் முன்போல் இல்லை என்பது உண்மை. மகள் இரண்டு முறை வாசித்து நிறுத்துவதை நான் ஆறு முறை எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் அவளுக்கு மயிர்த்துளைக்குழாய் என்பது பரீட்சைக்கு வரும் ஒரு சொல். எனக்கு அது அம்மாவின் இடுப்பில் என் விரலுக்குக் கீழே நசுங்கியது. அப்படிப் படித்தது மறக்கவில்லை.

மகளுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது, நாங்கள் இப்போது சிறுநீரகத்தில் நிற்கிறோம். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான சிறுநீரகத்தியின் படத்தைப் பெரிதாக வரைந்து, பெயர்களை எழுதாமல் அம்புக்குறிகளை மட்டும் போட்டு, தையல் இயந்திரத்துக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறாள். அம்புகள் ஏழு. கலன்கோளம், போமனின் உறை, ஹென்லேயின் தடம், சேர்க்கும் கான் என்று இன்று காலை வரை நான்கை எழுதியிருக்கிறேன். மடிந்த சிறுகுழாய்களில் எது அண்மையது எது சேய்மையது என்பதில் இன்னும் தடுமாறுகிறேன்.